வீட்டின் முதல் வரித்தாள்

போடிநாயக்கனூரில் இருட்டோடு புறப்படும் ஜீப், முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துப் போடிமெட்டில் மூச்சு வாங்கும்போது பொழுது விடிந்திருக்கும். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். மெட்டுக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. வேலை ஒரு மாநிலத்தில், அடுப்பு இன்னொரு மாநிலத்தில் என்று வாழ்வது இங்கே தலைமுறைப் பழக்கம். எல்லை தாண்டிச் சம்பாதிப்பதைப் பற்றி இந்த மலைக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரி வேறு கதை. இந்த மலையில் வரி என்றைக்கும் சாலையில்தான் நின்றது. திருவிதாங்கூர் அரசர் காலத்தில் ஏலக்காய் அரசின் ஏகபோகச் சரக்கு. விளைந்ததை அரசிடம் ஒப்படைத்து, அதற்குரிய பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். மெட்டிறக்கி மதுரைச் சீமைக்குக் கொண்டுபோனால் அது கடத்தல். மாநிலங்கள் பிரிந்த பிறகும் லாரியை ஓரங்கட்டிப் பில்லைக் கேட்கும் சாவடிகள் இருந்தன. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சாவடிகள் நாடெங்கும் எடுபட்டன. ஆக, இங்கே வரி என்றால் மூட்டைக்கு, ஆளுக்கு அல்ல. பெரியவர்களிடம் ‘டாக்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். லாரியும் மூட்டையும்தான் நினைவுக்கு வரும், சம்பளம் வராது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்திய வருமான வரிச் சட்டத்தில் விவசாய வருமானத்துக்கு விலக்கு உண்டு. அதற்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டப்படி மாநிலங்களுடையது. கொஞ்சம் தள்ளி மூணாறுத் தேயிலைக்கு வந்தால் கணக்கு மாறும். தேயிலையை வளர்த்துத் தூளாக்கி விற்கும் வருமானத்தில் 60 சதவீதம் விவசாயம், 40 சதவீதம் தொழில் என்று விதி பிரிக்கிறது. ரப்பருக்கும் காப்பிக்கும் இப்படிப் பங்கு உண்டு. ஏலக்காய்க்கு அந்தப் பிரிவினை இல்லை. பறித்து, ஸ்டோரில் போட்டு உலர்த்தி, சந்தைக்கு ஏற்றதாக்குவதெல்லாம் விவசாய வேலையாகவே கொள்ளப்படுகிறது. புத்தடியிலோ போடியிலோ ஏலத்தில் கிலோவுக்கு என்ன விலை விழுந்தாலும், ஏலக்காயை மட்டும் நம்பிய குடும்பம் மத்திய அரசுக்கு வருமான வரி ரிட்டர்ன் போடாமலேயே மூன்று தலைமுறை ஓட்டியிருக்கலாம், சட்டத்தை மீறாமலே.

இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. கேரளத்துக்கு வெளிநாடு என்றால் ஐம்பது ஆண்டுகளாக வளைகுடாதான். துபாயிலும் தோஹாவிலும் தனிநபர் வருமான வரி கிடையாது. பேசிய சம்பளம்தான் கையில் வரும் சம்பளம். (ஓமான் மட்டும் 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் 5 சதவீதம் வாங்கப்போவதாக 2025இல் அறிவித்தது. அந்த வருமானத்தைத் தொடும் நம்மூர்க்காரர்கள் மிகச் சிலரே.) மாமா, சித்தப்பா சொன்ன வளைகுடாக் கதைகளிலும் வருமான வரி என்ற பாத்திரம் வரவில்லை.

இப்போது திசை மாறியிருக்கிறது. எஸ்.இருதயராஜன் தலைமையில் நடந்த 2023 கேரளப் புலம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாடு சென்றுள்ள கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர், அவர்களில் 11.3 சதவீதம், அதாவது சுமார் இரண்டரை லட்சம் பேர், மாணவர்கள். 2018இல் இந்தத் தொகை 1,29,763. ஐந்தே ஆண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. கட்டப்பனையிலும் நெடுங்கண்டத்திலும் பேருந்து நிலையத்தைச் சுற்றி நடந்தாலே போதும், ஐஈஎல்டிஎஸ் பயிற்சி விளம்பரங்கள் அந்தக் கணக்கைச் சொல்லும். அந்தப் பலகைகளில் லண்டன் பாலம் இருக்கிறது, சிட்னி ஓபரா மாளிகை இருக்கிறது, ‘படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்’ என்ற வாசகமும் இருக்கிறது. சம்பாதித்தால் என்ன பிடிப்பார்கள், பிடித்ததில் எதைத் திரும்ப வாங்கலாம் என்பது இல்லை. விளம்பரத்தில் அதற்கு இடமில்லை என்பது புரிகிறது. ஆனால் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுப்புகிறவர்கள் ஒரு மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கூடக் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

விளைவு இதுதான்: பரம்பரையிலேயே முதல் வருமான வரிப் படிவத்தைக் கையில் எடுப்பது தோட்டம் வைத்திருக்கும் அப்பா அல்ல, பர்மிங்ஹாமிலோ மெல்போர்னிலோ ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இல்லை.

அந்தப் பிள்ளைக்குக் குழப்பம் முதலில் மணிக்கணக்கில் தொடங்குகிறது. பிரிட்டனில் பட்டப்படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14, சராசரி 20 என்ற கணக்கெல்லாம் செல்லாது. சுயதொழிலுக்கு அனுமதி கிடையாது. செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் பெரும்பகுதி அங்கே சுயதொழிலாகவே கருதப்படுவதால் அதுவும் கூடாது. இதெல்லாம் விசாச் சட்டம். வரிச் சட்டம் தனி. ஒன்றுக்கு அடங்கினால் மற்றதிலிருந்து தப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 30 மணி நேரம் வேலை செய்து முழு வரியையும் கட்டினாலும் விசா மீறல் மீறல்தான். 20 மணி நேரத்துக்குள் நின்றுவிட்டேன், ஆகவே வரியைப் பற்றிக் கவலையில்லை என்பதும் தவறு. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் மட்டும் இருக்கிறது. 2013 முதல் முதலாளி ஒவ்வொரு சம்பள நாளிலும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை வரித்துறைக்கு மின்னணு வழியில் தெரிவிக்க வேண்டும். பார்க்க நினைக்கும் துறைக்கு எல்லாம் தெரியும்.

இனி பணக் கணக்கு. 2025–26 வரி ஆண்டில் பிரிட்டனில் 21 வயது நிறைந்தவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வாரம் 20 மணி நேரத்துக்கு 244.20. இதை 52 வாரத்தால் பெருக்கினால் 12,698 பவுண்டு. வரியில்லாத தனிநபர் வரம்பு 12,570. இரண்டும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள். வரம்புக்கு மேலே எட்டிப் பார்ப்பது 128 பவுண்டு. அதற்கு 20 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 26 பவுண்டு கூட இல்லை. தேசியக் காப்பீட்டுப் பிடித்தம் வாரம் 242 பவுண்டுக்கு மேற்பட்டதில் 8 சதவீதம்; அதாவது 2.20 பவுண்டுக்கு வாரம் சுமார் 18 பென்ஸ். விடுமுறையில் முழு நேரம் வேலை பார்த்தால் இது கூடும். ஆனால் சட்டப்படி நடக்கும் மாணவர் கட்ட வேண்டிய வரி ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதே உண்மை நிலை.

அப்படியிருக்க, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து, “ஐந்தில் ஒரு பங்கைப் பிடிச்சுட்டாங்கம்மா” என்று வீட்டுக்குப் போன் ஏன் வருகிறது? வேலையில் சேரும் நாளில் ஒரு தாள் கொடுப்பார்கள், புதிதாகச் சேர்பவர் நிரப்ப வேண்டிய படிவம். இந்த வரி ஆண்டில் இதுதான் என் முதல் வேலை என்பது ‘ஏ’; முன்பு ஒரு வேலை இருந்தது, இப்போது இது மட்டும்தான் என்பது ‘பி’; எனக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது என்பது ‘சி’. ‘ஏ’ என்று சரியாகக் குறித்தால் 1257-எல் என்ற குறியீடு விழும். வரியில்லாத வரம்பு முழுதாகக் கிடைக்கும். அவசரத்தில் ‘சி’யைக் குறித்துவிட்டால், வரம்பு வேறொரு வேலையில் கழிகிறது என்று கணினி எடுத்துக்கொண்டு, முதல் பவுண்டிலிருந்தே 20 சதவீதம் பிடிக்கும். 244.20 பவுண்டில் 48.84 போய்விடும். முப்பது வாரம் கவனிக்காமல் இருந்தால் 1,465 பவுண்டு. படிவத்தையே கொடுக்காமல் விட்டாலும் இதே கதி. ஒரு பேனாக் கோடு செய்கிற வேலை இது. போன பணம் திரும்பி வரும், ஆனால் கேட்க வேண்டும். குறியீட்டைத் திருத்தச் சொல்லி வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையை விடும்போது பி45, ஆண்டு முடிவில் பி60 என்ற இரண்டு தாளையும் வாங்கிப் பத்திரப்படுத்தியவருக்கு அது எளிது.

தாளே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ‘கையில் காசு’ என்று அங்குள்ள மாணவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. உணவகத்தின் பின்கட்டு, மளிகைக் கிடங்கு, கார் கழுவுமிடம். முதலாளி பல நேரம் நம் நாட்டுக்காரராகவே இருப்பார். மணிக்கணக்கு எழுதப்படாது, வரியும் பிடிக்கப்படாது, கூலி சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே. பிள்ளைகள் இதை லாபம் என்று நினைக்கிறார்கள். மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். முறைப்படி வேலை செய்தால் ஆண்டு முழுவதற்கும் போகும் வரியும் காப்பீடும் சேர்ந்து ஏறத்தாழ 35 பவுண்டு. மணிக்கு 8 பவுண்டு கையில் காசாக வாங்குகிறவர் 20 மணி நேர வாரம் ஒன்றிலேயே 84 பவுண்டு இழக்கிறார். வரியை மிச்சம் பிடிப்பதாக நம்பி, வரியைப் போல நூறு மடங்குக்கு மேல் முதலாளிக்குக் கட்டுகிறார். வரியில்லாத கூலியைப் போல் விலை கூடிய வரி வேறெதுவும் இல்லை என்பேன்.

மெட்டேறும் ஜீப்பில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பின்னால் திருத்தப்பட்டு, 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்களுக்குப் பொருந்தியது. ஏலத்தோட்டமும் அதில் அடங்கியது. பதிவேட்டில் பெயர் ஏறினவருக்கு வருங்கால வைப்பு நிதி, மருத்துவம், பேறுகால உதவி என்று பேச ஒரு பிடி இருக்கிறது. அன்றன்றைக்கு ஜீப்பில் வந்து இறங்கி, சாயங்காலம் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பிடி இல்லை. நாளைக்கு ஜீப் கவிழ்ந்து கை முறிந்தால், இந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தேன் என்று நிரூபிக்கவே அல்லாட வேண்டும். கையில் காசு வாங்கும் மாணவருக்கும் அதே நிலைதான்; கூடுதலாக அவர் தலைக்கு மேல் விசா தொங்குகிறது. உரிமையின்றி ஒருவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஆளொன்றுக்கு 45,000 பவுண்டு வரை, மீண்டும் செய்தால் 60,000 வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் பிரிட்டன் உயர்த்தியது. சோதனைக்கு ஆள் வரும்போது அந்த முதலாளி முதலில் யாரைக் கைவிடுவார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வரித்தாளும் விசாத்தாளும் பிற்பாடு ஒரே மேசையில் வைத்து ஒப்பிடப்படும் என்பதற்கு லண்டனில் ஒரு பாடம் நடந்தது. உயர்திறன் விசாவில் இருந்த வெளிநாட்டவர்கள் பலர், இந்தியர்களும் பாகிஸ்தானியர்களும் உட்பட, நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு விண்ணப்பித்தபோது, குடிவரவுத் துறைக்குச் சொன்ன வருமானமும் வரித்துறைக்குச் சொன்ன வருமானமும் ஒத்துப்போகவில்லை என்று காட்டி நிராகரிக்கப்பட்டார்கள். நடத்தை சரியில்லாதவர்களை மறுப்பதற்கென்று இருந்த 322(5) என்ற குடிவரவு விதி அவர்கள்மேல் பாய்ந்தது. சிலருடையது வெறும் கணக்குப் பிழை. சிலர் பல ஆண்டு கழித்துத் தாங்களே திருத்தியிருந்தார்கள். 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாலாஜிகாரி வழக்கில், நேர்மையின்மை என்ற குற்றச்சாட்டைச் சுமத்துமுன் விண்ணப்பதாரருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அது வருவதற்குள் அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு பெரிது. படிக்கும் காலத்து வரித்தாளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கலாம்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரி, நமக்குச் சாதகமான திருப்பத்தோடு. எஃப்-1 விசா மாணவர் பருவ காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அவர் வரிக் கண்ணில் வெளிநாட்டவர். அதற்கான படிவம் 1040-என்ஆர். பொதுவாக வெளிநாட்டவருக்கு அமெரிக்கக் குடிமக்களுக்குரிய நிலையான கழிவு கிடைக்காது. இந்திய மாணவருக்கு மட்டும் கிடைக்கும். 1989இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட இரட்டை வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவு, அங்கே குடியிருப்பவருக்கு உண்டான கழிவுகளை நம் மாணவரும் பெறலாம் என்கிறது. சீன மாணவருக்கு அவர்கள் நாட்டு ஒப்பந்தம் 5,000 டாலர் வரை விலக்குத் தருகிறது. நம்முடையது அதைவிடத் தாராளம். டெல்லியில் அன்று பேச உட்கார்ந்தவர் யாரோ, மாணவர்களை மறக்காத மனிதர்.

மணிக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டு, 40 வாரம் 20 மணி நேரம் நூலகத்திலோ உணவுக்கூடத்திலோ நின்றால் 12,000 டாலர். 2024ஆம் ஆண்டுக்கான நிலையான கழிவு 14,600. மத்திய வரி பூஜ்யம். ஒப்பந்தம் தெரியாமல் கழிவை விட்டுவிட்டால் 1,208 டாலர் வரி. இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் இரண்டுக்குமாகச் சம்பளத்தில் 7.65 சதவீதம் பிடிப்பார்கள்; இந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இருக்கும் எஃப்-1 மாணவருக்கு, படித்து முடித்தபின் வரும் ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சிக் காலத்திலும்கூட, அந்தப் பிடித்தம் கிடையாது. சம்பளப் பிரிவில் தெரியாமல் பிடித்துவிட்டால் 12,000 டாலருக்கு 918 டாலர். முதலில் முதலாளியிடம் கேட்க வேண்டும்; அவர் தராவிட்டால் 843 என்ற படிவத்தால் வரித்துறையிடம். வருமானமே இல்லாத மாணவர்கூட 8843 என்ற படிவத்தை அனுப்பியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நண்பன் சொன்னான் என்று உள்ளூர்க்காரர்களுக்கான மென்பொருளில் போய் 1040ஐ நிரப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அதில் நிறைய பணம் திரும்பி வரும், அதனால்தான் ஆசை. தனக்கு உரிமையில்லாத பணம் அது. மாநில வரி தனி. டெக்சாஸில் இல்லை, கலிஃபோர்னியாவில் உண்டு.

ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 2023 ஜூலை முதல் விதி. போன கையோடு வரிக் கோப்பு எண்ணை வாங்கி முதலாளியிடம் கொடுக்காவிட்டால் 47 சதவீதம் பிடித்துவிடுவார்கள். அங்கே பெரும் கேள்வி, மாணவர் வரிக் கணக்கில் உள்ளூர்வாசியா இல்லையா என்பது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு வந்து ஓரிடத்தில் நிலையாகத் தங்கிப் படிப்பவர் பொதுவாக உள்ளூர்வாசி. 2025–26இல் குறைந்தபட்சக் கூலி 24.95 டாலர்; வாரம் 24 மணி நேரம் வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 31,138. உள்ளூர்வாசிக்கு 18,200 வரை வரியில்லை, மிச்சத்துக்கு 16 சதவீதம், அதிலும் குறைந்த வருமானச் சலுகை 700 கழியும். வரி சுமார் 1,370 டாலர். வெளிநாட்டவர் என்று தவறாகக் குறித்தால் முதல் டாலரிலிருந்தே 30 சதவீதம், 9,341 டாலர். ஓய்வூதியக் கணக்கில் முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட்டிருப்பார். நாட்டை விட்டு வெளியேறியபின் அதைக் கேட்டு வாங்கலாம்; 35 சதவீதம் வரி போக மிச்சம் வரும். ஊர் திரும்பியவர்கள் பலர் அப்படி ஒரு கணக்கு இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

கனடாவைப் பற்றி ஒன்றுதான். 2024 நவம்பர் 8 முதல் வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். வேலையே செய்யாத ஆண்டிலும் ஏப்ரல் 30க்குள் ரிட்டர்ன் போட்டுவிடுவது நல்லது. கட்டிய கல்விக் கட்டணத்துக்கான சலுகை பின்னால் சம்பாதிக்கும் ஆண்டுகளுக்குச் சேர்ந்து நிற்கும்.

இனி மெட்டுக்கு இந்தப் பக்கம். பிள்ளை அங்கே தாளை நிரப்புவதற்கு முன்பே அப்பாவுக்கு இங்கே ஒரு தாள் வந்துவிடுகிறது, அவர் கவனிப்பதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின்மேல் வங்கியே வாங்கும் டி.சி.எஸ். என்ற முன்வரி 2020 அக்டோபரில் வந்தது. 2025 ஏப்ரல் முதல், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக்கடன் பணமாக இருந்தால் இந்த வரி இல்லை; கைப்பணமாக இருந்தால் ஆண்டுக்கு 10 லட்சம் வரை இல்லை. 2025–26 நிதியாண்டில் அதற்கு மேற்பட்ட கல்விச் செலவுக்கு விகிதம் 5 சதவீதம். ஏலக்காய் விற்றுச் சேர்த்ததில் 18 லட்சம் அனுப்பியவரிடம் வங்கி 40,000 ரூபாய் வாங்கியிருக்கும்.

இது வங்கிக் கட்டணம் அல்ல. அப்பாவின் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்ட முன்பணம். கட்ட வேண்டிய வருமான வரி எதுவும் அவருக்கு இல்லையென்றால் 40,000மும் திரும்பி வர வேண்டும். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். அவர்தான் வாழ்நாளில் போட்டதில்லையே. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் எளிய ஐ.டி.ஆர்.-1 படிவமும் செல்லாது. அடுத்த படிவத்துக்குப் போக வேண்டும். ஆடிட்டரைப் பார்த்தால் வீண் வம்பு, தோட்டக் கணக்கைக் கிளறுவார்கள் என்ற பயம் வேறு. விலக்குப் பெற்ற வருமானத்தை விலக்குப் பெற்றது என்று எழுதிக் காட்டுவதில் வம்பு ஏதும் இல்லை. ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் புத்தடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்குக் கீழே சரிந்ததையும் பார்த்தவருக்கு 40,000 ரூபாய் சும்மா விடுகிற தொகையா?

பிள்ளைக்கும் இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில், படிக்கப் போன மாணவர் போன நாளிலிருந்தே வெளிநாடுவாழ் இந்தியர். 2003 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அப்படித் தெளிவுபடுத்தியது. ஊர் வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். வருமான வரிச் சட்டமோ நாள் கணக்குப் பார்க்கும். செப்டம்பர் 10ஆம் தேதி விமானம் ஏறிய மாணவர் அந்த நிதியாண்டில் 163 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறார். உள்நாட்டவராக்கும் 182 நாள் வரம்புக்குக் குறைவுதான். ஆனால் 60 நாளுக்கு மேல் இருந்து, முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாள் இருந்தவரும் உள்நாட்டவரே என்பது இன்னொரு விதி. வேலைக்காக வெளிநாடு போகிறவருக்கு அந்த 60 நாள் விதியிலிருந்து தளர்வு உண்டு. படிக்கப் போகிறவருக்கு? கேரள உயர் நீதிமன்றமே 2011இல் அப்துல் ரசாக் வழக்கில் இதைத் தொட்டுப் பேசியிருக்கிறது. வெளிநாடு போய்ச் சொந்தத் தொழில் செய்வதும் ‘வேலை’யில் அடங்கும் என்று தாராளமாகப் பொருள் கொண்ட அந்தத் தீர்ப்பு, சுற்றுலா, மருத்துவம், படிப்பு ஆகியவற்றுக்காகப் போவதை அதிலிருந்து விலக்கியது.

ஆக, முதல் நிதியாண்டில் மட்டும் நம் மாணவர் ரிசர்வ் வங்கிக்கு வெளிநாட்டவர், வருமான வரித்துறைக்கு உள்நாட்டவர். அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை சம்பாதித்ததும் இந்தியக் கணக்கில் வரும். பகுதிநேரக் கூலிக்கு இங்கே வரி விழுவது அபூர்வம். ஆனால் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் உள்நாட்டவர், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டு அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது கட்டாயம். மறைத்தால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம். நிலம், வீடு அல்லாத சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் வேண்டாம் என்று 2024 அக்டோபர் முதல் தளர்த்தியிருக்கிறார்கள். மாணவரின் சில நூறு பவுண்டுக்கு அபராதம் இல்லை, கடமை இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்களெல்லாம் மாறியிருக்கின்றன. பழைய எண்ணை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் வாதாட வேண்டாம்.

இதே அந்நியச் செலாவணிச் சட்டத்தில் மலைக்காரர்கள் கேட்டால் திகைக்கும் வேடிக்கை ஒன்று உண்டு. வெளிநாடுவாழ் இந்தியராக இருக்கும் வரை இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்பாவின் தோட்டத்தை ஒட்டிய இரண்டு ஏக்கரை லண்டன் சம்பளத்தில் வாங்கிப் போடலாம் என்று கனவு காணும் பிள்ளை, அதைத் தன் பெயரில் வாங்க ஊர் திரும்பித்தான் ஆக வேண்டும்.

பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீடியோ காலில் சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்ட பிறகு, சம்பளச் சீட்டு கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கொடுக்கிறார்கள் என்றால் அதில் என்ன குறியீடு போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறாகப் பிடித்திருந்தாலும் இன்னும் நேரம் இருக்கிறது. கூடுதலாகப் போன வரியைப் பிரிட்டனில் வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் பொதுவாக மூன்று ஆண்டு.